தண்டேல்களுக்குத் தொழில் பிடிக்கிறது, சட்டம் பிடிக்கவில்லை. ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் முதுகலை படிக்கும் ஒரு தமிழ் மாணவி, ஆய்வுக்காக சாசூன் டாக், பாவ்ச்சா தக்கா என்ற மீன்பிடித் துறைமுகங்களில் விசைப்படகுத் தண்டேல்களிடம், அதாவது கடலில் படகை நடத்தும் தலைவர்களிடம், பேசி வருகிறார். தொழில் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாருமே ஆமாம் என்கிறார்கள். மீன்வளச் சட்டங்களைப் பற்றிக் கேட்டால் அதே ஆட்கள் கொதிக்கிறார்கள். கடலை நம்பி வாழ்பவர்களுக்குக் கடலைக் காக்கும் சட்டம் ஏன் கசக்கிறது, நாளையைப் பற்றிய கவலையே இவர்களுக்கு இல்லையா என்பது அவருடைய கேள்வி.

கவலை நிறையவே இருக்கிறது. நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன். மும்பைக்கு வந்து, ஏற்றுமதிக்கு மீன் எடுக்கும் வேலையில் பல வருடம் சாசூன் டாக்கில் நின்றிருக்கிறேன். இந்த ஊரின் பழைய மீனவச் சமூகமான கோலிகளின் தண்டேல்களையும் தெரியும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கமிருந்து வந்து மேற்குக் கரைத் துறைமுகங்களில் மீன் இறக்கும் நம் ஆட்களையும் தெரியும். இரண்டு தரப்பும் பேசுவதைக் கேட்டதில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: தொழில் பிடிப்பதற்கும் சட்டம் பிடிக்காததற்கும் காரணம் ஒன்றே. கடலில் முடிவெடுப்பவர் தண்டேல். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த முடிவை எடுத்துக்கொள்ளும் சட்டத்தை அவர் வெறுக்கிறார். தன்னையும் பக்கத்துப் படகையும் ஒரே அளவில் கட்டுகிற விதி என்றால், அது எவ்வளவு கடினமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பதிவுகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்த வேலை என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில தண்டேல்கள் சொந்தப் படகு ஓட்டுகிறார்கள். பலர் முதலாளியின் படகை ஓட்டுகிறார்கள். யாருடைய படகாக இருந்தாலும் கரையைத் தாண்டியதும் எல்லாம் தண்டேல் பொறுப்பு. வடக்கே குஜராத் பக்கம் போவதா, தெற்கே ரத்னகிரிப் பக்கம் இறங்குவதா, எத்தனை பாகம் ஆழத்தில் மடியை (இழுவை வலையை) விடுவது, நீரோட்டம் மாறினால் காத்திருப்பதா இடம் மாறுவதா, ஐஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும், வானிலை எச்சரிக்கை வந்தால் உடனே திரும்புவதா இன்னொரு இழுவை முடித்துவிட்டுத் திரும்புவதா. ஒலியால் ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் வந்த பிறகும் இந்த முடிவுகள் குறையவில்லை. கருவி காட்டுவதை நம்பி டீசலை எரிப்பதா என்று தீர்மானிக்க ஓர் ஆள் வேண்டுமே.

தங்கல், அதாவது பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் பயணம், முடிந்து வந்தால் ஏலப் பணத்தில் முதலில் டீசல், ஐஸ், ரேஷன், தரகர் கமிஷன் எல்லாம் கழியும். மிச்சம்தான் பங்கு. நம் தூத்தூர்ப் படகுகளில் கடலிலேயே வாரக்கணக்கில் கிடந்து, தூண்டிலும் செவுள் வலையுமாகச் சூரை, சுறா பிடித்துவிட்டு வருவார்கள். அவ்வளவு நாள் செலவும் அந்த ஒரு தடவை பிடித்த மீனில் வந்தாக வேண்டும். வராவிட்டால் கடன் அடுத்த தங்கலுக்குப் போகும். முன்பணம் கொடுத்த தரகருக்கே மீனைப் போட வேண்டியிருப்பதால் விலை பேசும் வாயும் அடைபட்டுவிடும். ஒரு தண்டேல் வெறும் ஐஸோடு இரண்டு முறை திரும்பினால், மூன்றாவது முறை நல்ல கலாசிகள் (படகுத் தொழிலாளிகள்) வேறு படகு பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு அழுத்தம் இருக்கிற வேலையை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? இது மும்பைக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. ரிச்சர்ட் போல்நாக், ஜான் போகி என்ற அமெரிக்க மானுடவியலாளர்கள் மீனவர்களின் தொழில் திருப்தியைப் பற்றிப் பல வருடம் ஆய்வு செய்தார்கள். வருமானம், பாதுகாப்பு போன்றவற்றில் குறை சொல்பவர்கள்கூட, சுதந்திரம், சவால், சாகசம் என்று வரும்போது மிகுந்த திருப்தி காட்டுகிறார்கள் என்று அவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். சாசூன் டாக்கில் தண்டேல்கள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள்: அங்கே என்னை யாரும் கேள்வி கேட்க முடியாது.

அந்தப் பெருமைக்கு எவ்வளவு அடிப்படை இருக்கிறது என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் மீன் பாடு, அதாவது பிடிபடும் அளவு, கூடுவதும் குறைவதும் கேப்டனின் திறமை என்பது பழைய நம்பிக்கை. 1980களில் கிஸ்லி பால்சன், பால் டரன்பெர்கர் என்ற இருவர் கணக்குப் போட்டுப் பார்த்து, படகின் அளவையும் கடலுக்குப் போன தடவைகளையும் சேர்த்தால் பெரும்பாலான வித்தியாசம் விளங்கிவிடுகிறது என்றார்கள். பெரிய விவாதமே நடந்தது. என் பார்வையில், திறமை எத்தனை சதவீதம் என்பதைவிட, எல்லாரும் அதை நம்புகிறார்கள் என்பதற்குத்தான் எடை அதிகம். கலாசிகள் அதை நம்பித்தான் ஏறுகிறார்கள், முதலாளி அதை நம்பித்தான் படகைக் கொடுக்கிறார். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே தண்டேலின் வாழ்க்கை. அவர் ‘தொழில் பிடிக்கும்’ என்று உங்களிடம் சொல்லும்போது அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் அதிகாரம். அதற்கு மேல் 200 மைல் வரை மத்திய அரசு. கோவாவும் கேரளாவும் 1980இலும், மகாராஷ்டிரம் 1981இலும், தமிழ்நாடு 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தன. இந்த வருடங்கள் அடுத்தடுத்து வந்தது தற்செயல் இல்லை. எழுபதுகளில் இழுவைப் படகுகள் கரைக்கடலுக்குள் வந்து கட்டுமரக்காரர்களின் வலையைக் கிழித்ததும், அதில் அடிதடி, தீவைப்பு வரை போனதும்தான் இந்தச் சட்டங்களுக்குக் காரணம். அதாவது மீனைக் காப்பதைவிட மனிதர்களை விலக்கி வைப்பதே அன்றைய அவசரம். விசைப்படகுத் தண்டேல்களின் நினைவில் இது ஆழமாக இருக்கிறது. சட்டம் என்றாலே, தன்னை எங்கிருந்தோ தள்ளி நிறுத்துவதற்கு வந்தது என்றுதான் படுகிறது.

ஆனாலும் எல்லா விதியையும் ஒரே மாதிரி வெறுக்கிறார்களா? இல்லவே இல்லை. மழைக்காலத் தடையைப் பற்றித் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் 61 நாள். தொழிலே நின்றுபோகிறது, வருமானம் இல்லை. இருந்தும் ‘தடை தேவைதான், மீன் முட்டை போடும் காலம்’ என்று சொல்லும் தண்டேல்களே அதிகம். இன்னும் பதினைந்து நாள் நீட்டுங்கள் என்று கேட்பவர்களும் கோலிகளில் உண்டு. அவர்களுக்கு நாரளி பௌர்ணமி அன்று கடலுக்குத் தேங்காய் விட்டுவிட்டுத் தொழில் தொடங்குவதுதான் வழக்கம். அந்த நாள் பெரும்பாலும் ஆகஸ்டில்தான் வருகிறது. சட்டம் வருவதற்கு முன்பே இருந்த ஒழுக்கம் அது. அதோடு, தடை என்றால் எல்லா விசைப்படகும் துறைமுகத்துக்குள் கட்டிக் கிடக்கும். ஒருவர் ஏமாற்றினால் ஊருக்கே தெரியும். ஆகஸ்டில் முதல் தடவை பிடிக்கும் மீனிலேயே பலனும் கண்ணுக்குத் தெரிகிறது.

இதே தடையிலும் எங்கே உரசல் வருகிறது என்று பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கும் ஜூன் 1 முதல் 61 நாள்தான். நீரோடியைத் தாண்டினால் கேரளா, அங்கே தடை ஜூன் 9இல் தொடங்கி 52 நாள். ஒரே கடல், ஒரே மீன். தங்கள் படகு கட்டிக் கிடக்கும்போது பக்கத்து மாநிலப் படகுகள் ஒரு வாரத்துக்கு மேல் தொழில் செய்வதைப் பார்த்துத்தான் நம் ஆட்களுக்கு எரிச்சல். தடையின் நோக்கத்தில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயில் இருந்து 8,000 ஆக உயர்ந்தது நல்ல விஷயம்தான். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று யாருக்கும் தெரியும்.

கண்ணி அளவு, அதாவது வலையின் ஓட்டை அளவு, பற்றிய விதிக்கு வந்தால் படம் தலைகீழாகிறது. இழுவை மடியின் கடைசிப் பையில் 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். காரணம் சரியானது. வழக்கமான சாய்சதுரக் கண்ணி, மடியை இழுக்கும்போது நீண்டு மூடிக்கொள்ளும், குஞ்சுகள் தப்ப வழி இருக்காது. சதுரக் கண்ணி இழுவையிலும் திறந்தே இருக்கும். தண்டேல்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். குஞ்சு மீனைக் கூடை கூடையாகக் கொட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன், சந்தோஷமாக இருந்ததே இல்லை. ஆனால் கழிவு மீன் என்று நாம் சொல்லும் அந்தக் குவியலை வாங்க மீன்தூள் ஆலைக்காரர்கள் லாரியோடு நிற்கிறார்கள். பெரிய மீன் கிடைக்காத தங்கலில் டீசல் கடனைக் குறைப்பது அந்தக் குவியல்தான். நான் ஒருவன் பெரிய கண்ணி போட்டு விடுகிற குஞ்சை, பின்னாலேயே வருகிற படகு அள்ளிக்கொண்டு போகும், அப்புறம் என் பெரிய கண்ணியால் யாருக்கு லாபம் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கொடுக்காமல் கண்ணியை அளக்க ஆள் அனுப்பிப் பயனில்லை. தவிர, வலை வாங்குவது முதலாளி, அபராதத்தில் மாட்டுவது படகு, திட்டு வாங்குவது தண்டேல்.

மகாராஷ்டிரம் 2023இல் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. அந்த அளவுக்குக் கீழே பிடிக்கவும் விற்கவும் கூடாது. அதே வருடம் செப்டம்பரில் வெள்ளை வாவலை, இங்கே பாப்லேட் என்பார்கள், மாநில மீனாக அறிவித்தார்கள். பால்கர் மாவட்டத்தின் சாத்பாட்டி வாவலுக்குப் பெயர்போன ஊர். அந்த மீனவர்கள்தான் குஞ்சு வாவல் பிடிப்பதைத் தடுக்கச் சொல்லி வருடக்கணக்கில் கத்தியவர்கள். அப்படியானால் இந்த விதியை மீனவர்கள் எதிர்க்கிறார்கள் என்று எழுதுவதா, மீனவர்கள் கேட்டு வாங்கினார்கள் என்று எழுதுவதா? யாரிடம் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. செவுள் வலைக்காரர், டோல் வலைக்காரர் (கம்பம் நட்டுப் பை வலை கட்டுபவர்), இழுவைப் படகுக்காரர், பர்ஸ் சீன்காரர் என்று நான்கு தரப்பு இருக்கிறது. நான்கு பேருக்கும் தண்டேல் என்றுதான் பெயர். உங்கள் கேள்வித்தாளில் எந்த வலை என்ற வரி இல்லாவிட்டால், வரும் பதில்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பர்ஸ் சீன், அதாவது மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கும் வலை, நம் பக்கம் சுருக்குமடி, இதற்கு மிகக் கூர்மையான உதாரணம். டாக்டர் சோம்வன்ஷி குழுவின் அறிக்கையை வைத்து மகாராஷ்டிர அரசு 2016 பிப்ரவரியில் ஓர் ஆணை போட்டது. வடக்குப் பகுதியில் மாநிலக் கடல் எல்லைக்குள் பர்ஸ் சீன் கூடாது, தெற்கே செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மட்டும், உரிமங்களைப் படிப்படியாக 182க்குக் கொண்டுவருவது. 2021இல் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை லட்சக்கணக்கில் உயர்த்தினார்கள். சிறிய வலைக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள். பர்ஸ் சீன்காரர்களோ, கடன் வாங்கிப் படகு கட்டச் சொன்னபோது இருந்த அரசு இப்போது எங்கே என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. படகுக்கு மானியம் கொடுத்ததும் அரசுதான், படகு அதிகம் என்று பிறகு சொன்னதும் அரசுதான். தமிழ்நாட்டில் சுருக்குமடிக்கு 2000லேயே தடை வந்தது. கடலூர், நாகைப் பக்கம் ஊருக்கும் ஊருக்கும் நடந்த மோதல்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில், 12 மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்காலமாக அனுமதித்தார்கள். ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பவே நேரம் சரியாக இருக்கும், பத்து மணி நேரத்தில் எப்படித் தொழில் செய்வது என்று ஒரு தரப்பு. இரண்டு நாள் கொடுத்ததே அதிகம் என்று மறு தரப்பு.

எல்இடி விளக்கு விஷயத்தில் நீங்கள் கேட்ட கோபத்தைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். படகில் ஜெனரேட்டர் வைத்து, கடலுக்குள் பலமான விளக்கு அடித்து, மீனைக் கூட்டி மொத்தமாக அள்ளுவது. மத்திய அரசு 2017 நவம்பரில் இதைத் தடை செய்தது. ஆனாலும் நடக்கிறது என்பதுதான் சிறிய படகுக்காரர்களின் புகார். அவர்கள் ‘சட்டமாவது மண்ணாவது’ என்று திட்டினால், சட்டம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. சட்டத்தைச் செய்து காட்டு என்று அர்த்தம். ஒரு கருத்துக்கணிப்பில் இரண்டும் ‘அதிருப்தி’ என்ற ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். நீங்கள் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மீனவர்கள் தாங்களே விதி போட்டுக்கொண்ட இடங்கள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். ராமநாதபுரம் பக்கம் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு எழுபதுகளில் மோதலுக்குப் பிறகு பேசி முடித்தது. அந்தக் கடலில் எத்தனையோ பிரச்சினை. இலங்கைக் கடற்படை, எல்லை, கைது, படகுப் பறிமுதல். அத்தனைக்கும் நடுவில் இந்த நாள்கணக்கு மட்டும் நிலைத்திருக்கிறது. பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று, யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊரே சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும். இங்கே மும்பைக்கு வடக்கே டோல் வலைக்குக் கம்பம் நடும் இடங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் வழிவழியாக வருபவை. தகராறும் வரும். ஆனால் தகராறை எங்கே கொண்டுபோய்ப் பேச வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வெளிநாட்டில் இருந்தும் மூன்றைச் சொல்கிறேன், உங்கள் ஆய்வுக்கு உதவும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறால் பிடிப்பவர்கள், முட்டையோடு வரும் பெண் இறாலின் வாலில் ஒரு வெட்டுக் குறி போட்டுத் திரும்பக் கடலில் விடுவார்கள். குறி போட்டதை வேறு யாரும் பிடித்து விற்கக் கூடாது. மிகச் சிறியதும் கூடாது, மிகப் பெரியதும் கூடாது என்று இரட்டை அளவு வேறு. ஜேம்ஸ் ஆச்சிசன் என்ற மானுடவியலாளர் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார். சட்டப் புத்தகத்தில் இருக்கிற விதிதான், ஆனால் கேப்டன்களே ஆதரித்து, கேப்டன்களே காவல் காக்கிற விதி. மீறியவனுக்கு அரசு அபராதத்தைவிடத் துறைமுகத்தில் தலைகாட்ட முடியாது என்பதே பெரிய தண்டனை.

இரண்டாவது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. எண்பதுகளில் கரையோரச் சிறு படகுக்காரர்கள், காட் மீன் குறைகிறது, வருவதும் சிறிதாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அரசு பெரிய இழுவைக் கப்பல்கள் பிடித்த மீன் கணக்கை நம்பியது. மீன் எண்ணிக்கையில் குறைந்தாலும் மிச்சம் இருப்பவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தன. கருவி வைத்துத் தேடிப் போன கப்பல்களுக்குப் பாடு குறையவே இல்லை. கணக்கில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. 1992 ஜூலை 2 அன்று மொத்தமாகத் தடை அறிவித்தார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடத்துக்கு என்று சொன்ன தடை முப்பது வருடத்துக்கு மேல் நீண்டது. தண்டேல் சொல்வது எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் கடலிலும் கப்பல் கேப்டன்கள் ஒன்று சொன்னார்கள், சிறு படகுக்காரர்கள் வேறு சொன்னார்கள். இருவரையும் உட்கார வைத்துக் கேட்கிற ஏற்பாடு இருந்திருந்தால் நேரத்தோடு விழித்திருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

மூன்றாவது அலாஸ்காவின் ஹாலிபட் மீன். மொத்த அளவு மட்டும் நிர்ணயித்து, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று விட்டார்கள். படகுகள் பெருகின, பருவம் சுருங்கிச் சுருங்கி 24 மணி நேரத் திறப்புகளாக ஆனது. அந்த ஒரு நாளில் புயல் வந்தாலும் போயாக வேண்டும். பல கேப்டன்களுக்கு உயிரைப் பணயம் வைக்கும் நாள் அது. 1995இல் படகு உரிமையாளருக்கு இவ்வளவு என்று பங்கீடு வந்ததும் எட்டு மாதத்துக்கு மேல் பருவம் நீண்டது, வானிலை பார்த்துப் போக முடிந்தது. கேப்டன்கள் நிம்மதியானார்கள். ஆனால் பங்கு கிடைக்காத கலாசிகளுக்கும், பின்னால் தொழிலுக்கு வர நினைத்த இளைஞர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. இதை அப்படியே நம் கடலுக்குக் கொண்டுவர முடியாது. ஒரு இழுவையில் நாற்பது வகை மீன் வரும் கடலில் ஒவ்வொரு வகைக்கும் பங்கு வைப்பது நடக்கிற காரியம் இல்லை.

இன்னொரு பெரிய விஷயம் கண்காணிப்பு. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள், போர்பந்தரில் இருந்து தொழிலுக்கு வந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன் தண்டேல் அமர்சிங் சோலங்கியையும் கலாசிகளையும் கொன்றார்கள். அதற்குப் பிறகு படகுகளுக்கு மாநிலவாரியாக நிறம், கணினியில் பதிவு, கலாசிகளுக்கு பயோமெட்ரிக் அட்டை, கடலில் அடிக்கடி சோதனை. தேவையானவைதான். ஆனால் கொல்லப்பட்டவர் தங்களில் ஒருவர் என்பதைச் சோதனைக்கு வருபவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பது இங்குள்ள தண்டேல்களின் மனவருத்தம். நம் தமிழ் ஆட்களுக்கு மொழியும் ஒரு தடை. மராத்தியில் கேட்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியாவிட்டால் சந்தேகப் பார்வை விழும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். தூத்தூர்க் கரை இழந்ததை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வழியே இல்லாமல் போனது. வயர்லெஸ் எட்டும் தூரத்தைத் தாண்டி இருந்தார்கள். கேரள, தமிழகப் படகுகள் 68, அவற்றில் 952 பேர், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கி உயிர் தப்பினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்ட தேவ்கட் மக்களை எங்கள் பக்கம் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஆழ்கடலில் இருந்து செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் ஒரு லட்சம் படகுகளுக்குப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார்.

அந்தக் கருவியைப் பற்றித் தண்டேல்களிடம் கேட்டால் இரட்டை மனதாகப் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வேண்டும். ஆனால் தான் எங்கே மடி விடுகிறேன் என்பது கரையில் ஒரு திரையில் தெரியும் என்றால்? நல்ல பாடு கிடைக்கும் இடத்தைக் கூடப் பிறந்தவருக்கே சொல்லாத தொழில் இது. வயர்லெஸ்ஸில் பேசும்போதுகூட இடத்தை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. அந்தத் தகவலை யார் வைத்திருப்பார்கள், யாருக்குக் கொடுப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று தெளிவாகச் சொன்னால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும் என்று நம்புகிறேன். அதே பால்கர் மேடையில்தான், அந்தப் பகுதி மீனவர்கள் வருடக்கணக்கில் எதிர்த்து வந்த வாதவன் துறைமுகத்துக்கும் அடிக்கல் நாட்டினார்கள். வாவல் குஞ்சைக் காப்பாற்று என்று தண்டேலிடம் சொல்லும் அதே அரசு, அவர்களுடைய மீன்பிடி இடத்தில் துறைமுகம் கட்டுகிறது என்றுதான் சாத்பாட்டிப் பக்கம் பேசுகிறார்கள். கண்ணி அளவைப் பற்றிக் கேட்கும்போதும் இந்தக் கோபம் கலந்துதான் பதில் வரும்.

2025 நவம்பரில் மத்திய அரசு 12 மைலுக்கு அப்பால் தொழில் செய்ய விதிகள் அறிவித்திருக்கிறது. விசைப்படகுகளும் பெரிய இயந்திரப் படகுகளும் கணினி வழியாக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை. எல்இடியும், இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் ஜோடி இழுவையும் கூடாது. தூத்தூர்த் தண்டேல்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும், ஏனென்றால் அவர்கள் தொழிலே அந்த எல்லைக்கு அப்பால்தான். உங்கள் ஆய்வில் இதைக் கட்டாயம் சேருங்கள்.

கடைசியாக உங்கள் கேள்வித்தாளுக்கு. தொழில் திருப்தியை ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். ‘மறுபடி பிறந்தால் இதே தொழிலா’ என்று ஒன்று, ‘மகனைக் கடலுக்கு அனுப்புவீர்களா’ என்று இன்னொன்று. முதலாவதுக்கு ஆமாம் என்பவர் இரண்டாவதுக்குப் பெரும்பாலும் இல்லை என்பார். கோலி வீடுகளில் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். மும்பைப் படகுகளில் இன்று உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், நேபாளம் என்று வெளியூர்க் கலாசிகள் நிறைய. தனக்குப் பிறகு யாரும் இல்லை என்று தெரிந்த தண்டேலிடம், இருபது வருடம் கழித்து மீன் இருக்க வேண்டாமா என்று கேட்டால் என்ன பதில் வரும்? அதையும் பதிவு செய்யுங்கள், மேலாண்மை பேசுபவர்கள் இதை ரொம்பக் குறைவாகவே பார்க்கிறார்கள். சட்டத்தைப் பற்றிப் பொதுவாகக் கேட்காமல் விதி விதியாகக் கேளுங்கள். விதி நல்லதா, எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா, உங்களிடம் கேட்டுப் போட்டார்களா என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கண்ணியைப் பற்றிக் கேட்காதீர்கள், உண்மை வராது.

விடியற்காலை ஏல நேரத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது, போகாதீர்கள். ஜூன் இரண்டாம் பாதியில் போங்கள். படகு கரையேறி, வலை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள். நம் தண்டேல்கள் மட்டும் தடை தொடங்கியதும் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களிடம் பேச வேண்டுமென்றால் அந்த மாதம் நாகர்கோவில் ரயிலைப் பிடித்துத் தூத்தூருக்கே போய்விடுங்கள்.